நோயாளியிடம் பேசக் கற்றுக்கொண்ட கதை

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் மெடிசின் டிபார்ட்மெண்ட் அலுவலகத்தில் 29 வருடம் கிளார்க்காக இருந்து 2012இல் ஓய்வு பெற்றவன் நான். டாக்டர்களைப் பற்றி எழுதுங்கள் என்று நண்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். டாக்டர்களைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் டாக்டர் ஆவதற்கு முன்னால் அந்தப் பிள்ளைகள் என்ன படித்தார்கள், எதைப் படிக்கவில்லை என்பதை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் அப்போது படிக்காத ஒரு பாடத்தைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன். நோயாளியிடம் பேசுவது எப்படி என்ற பாடம்.

நம் ஊரில் ஒரு டாக்டரைப் புகழ வேண்டும் என்றால் கைராசிக்காரர் என்போம். கொஞ்சம் கிளறிக் கேட்டால், "உட்கார வெச்சு நாலு வார்த்தை பேசுவார்", "நாம சொல்றதைக் காது குடுத்துக் கேட்பார்" என்றுதான் பதில் வரும். அவர் எழுதிக் கொடுத்த மாத்திரையின் பெயர் யாருக்கும் ஞாபகம் இருக்காது. இப்படிப் பேசுவது அவரவர் பிறவிக் குணம் என்று நாம் நினைத்துக்கொண்டோம். மருத்துவக் கல்லூரிகளும் வெகு காலம் அப்படியே நினைத்தன. ஊசி போடவும், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்கவும், தையல் போடவும் சொல்லிக் கொடுத்தார்கள். பேசுவதையும் கேட்பதையும் சொல்லித்தர வேண்டும் என்று தோன்றவில்லை. பிறகு எப்படித் தோன்றியது என்பது ஒரு நல்ல கதை.

முதலில் எங்கள் காலத்துப் பரீட்சையைச் சொல்லிவிடுகிறேன். எம்.பி.பி.எஸ். கடைசி வருடம் மெடிசின் பிராக்டிகலில் "லாங் கேஸ்" என்று ஒன்று உண்டு. ஒரு நோயாளியை மாணவனிடம் ஒப்படைப்பார்கள். முக்கால் மணி நேரம் போல அவரிடம் விசாரித்து, உடம்பைப் பார்த்து, எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் எக்ஸாமினர் வருவார். என்ன நோய், எதை வைத்துச் சொல்கிறாய் என்று குடைவார்.

இந்தப் பரீட்சைக்கு நோயாளிகளைத் தேடிப் பிடிப்பது அலுவலகத்துக்குப் பெரிய வேலை. இதய வால்வு சுருங்கியவர், மண்ணீரல் வீங்கியவர், ஒரு பக்கம் விழுந்தவர் என்று முகவரியோடு ஒரு நோட்டு வைத்திருப்போம். பரீட்சைத் தேதி தெரிந்ததும் அஞ்சலட்டை போடுவோம். பஸ் சார்ஜ், மதியச் சாப்பாடு, கையில் கொஞ்சம் பணம். சிலர் பத்து வருடம் தொடர்ந்து வந்திருக்கிறார்கள். தங்கள் நோயின் ஆங்கிலப் பெயர் அவர்களுக்கு அட்சர சுத்தமாகத் தெரியும். பையன் திணறினால் மெதுவாகக் காதில் சொல்லிவிடுவார்கள். எல்லாருக்கும் சொல்வார்களா என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். "தன்மையா 'ஐயா, சட்டையைக் கழட்டலாமா'ன்னு கேக்குற பிள்ளைக்குச் சொல்லுவேன். வந்ததும் ஆட்டுக்குட்டியப் புரட்டுற மாதிரிப் புரட்டுறவனுக்கு வாயத் தொறக்க மாட்டேன் சார்" என்றார்.

சிரிப்பாக இருந்தாலும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. அந்த முக்கால் மணி நேரம் மாணவன் எப்படிப் பேசினான் என்பது எக்ஸாமினருக்குத் தெரியாது. அவர் பார்ப்பது முடிவை மட்டும்தான். நடந்ததை முழுக்கப் பார்த்தவர் ஒருவர் உண்டு, அது நோயாளி. அவரிடம் யாரும் மார்க் கேட்கவில்லை.

அமெரிக்காவிலும் நிலைமை இதேதான். அங்கே இதைக் கவனித்தவர் ஹவார்ட் பாரோஸ் என்ற நரம்பியல் டாக்டர். நியூயார்க்கில் அவர் பயிற்சியில் இருந்தபோது டேவிட் சீகல் என்ற பேராசிரியரைப் பார்த்தார். ஒவ்வொரு மாணவனும் நோயாளியை விசாரித்துப் பரிசோதிக்கும்போது, சீகல் முதலிலிருந்து கடைசி வரை பக்கத்திலேயே உட்கார்ந்து பார்ப்பாராம். பாரோஸுக்கு அது பெரிய ஆச்சரியம். ஏனென்றால் அவரை அப்படி யாரும் உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

இன்னொரு சம்பவமும் அவர் மனதில் தங்கியது. நரம்பியல் சிறப்புத் தேர்வுக்கு ஒரு நோயாளியைப் பயன்படுத்தி வந்தார்கள். முதுகுத்தண்டில் உண்மையாகவே நோய் உள்ளவர். தேர்வு முடிந்த பிறகு அவர் பாரோஸிடம் சொன்னாராம்: ஒரு தேர்வர் முரட்டுத்தனமாக நடந்துகொண்டார், அதனால் அவருக்கு மட்டும் நோய்க் குறிகளை மாற்றிக் காட்டினேன், ஒரு காலில் இருந்ததை இன்னொரு காலில் இருப்பதாகக் காட்டிவிட்டேன் என்று. எங்கள் பெரியவருக்கு அண்ணன் மாதிரி ஒருவர் நியூயார்க்கிலும் இருந்திருக்கிறார்! பாரோஸ் இதைக் கேட்டுச் சிரித்ததோடு நிற்கவில்லை. நோயாளி நினைத்தால் நோயை நடித்துக் காட்ட முடியும், மாணவனை எடை போடவும் முடியும் என்று யோசித்தார்.

1963இல் அவர் லாஸ் ஏஞ்சலஸில் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். அங்கே ஓவியர்களுக்கு மாடலாக இருந்த ஒரு பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்தார். இரண்டு காலும் வலுவிழந்த நோயாளியாக அவர் நடிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் இருந்த ஓர் உண்மையான நோயாளியின் கதையை வைத்தே அந்தப் பாத்திரத்தை உருவாக்கினார்கள். எப்போது நோய் ஆரம்பித்தது, வீட்டில் யார் யார், எதற்குப் பயப்படுகிறார் எல்லாம் அந்தப் பெண்ணுக்கு அத்துப்படி. எந்தத் தசையைத் தட்டினால் எப்படி அசைய வேண்டும் என்பதும் தெரியும். மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். ஒவ்வொருவரும் போன பிறகு, என்ன கேட்டான், எதைக் கேட்காமல் விட்டான், எப்படி நடந்துகொண்டான் என்று அந்தப் பெண் ஒரு தாளில் குறித்து வைப்பார்.

அடுத்த வருடம் பாரோஸும் ஸ்டீபன் ஆப்ரஹாம்சன் என்ற கல்வியாளரும் சேர்ந்து இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். பாராட்டு வரவில்லை, கேலிதான் வந்தது. மருத்துவக் கல்லூரிக்குள் ஹாலிவுட் புகுந்துவிட்டது என்று பத்திரிகைகள் கிண்டல் செய்தன. இருக்காதா பின்னே? ஊரோ லாஸ் ஏஞ்சலஸ், நோயாளியோ நடிகை! நம் ஊராக இருந்தால் கோடம்பாக்கத்தை இழுத்திருப்பார்கள்.

ஆனால் அவர் பிடித்த பிடி சரியானது. உண்மையான நோயாளி மாணவனிடம் "தம்பி, நீங்க என் முகத்தையே பார்க்கல" என்று சொல்ல மாட்டார். அவருக்குக் காரியம் ஆக வேண்டும். நடிக்கும் நோயாளிக்கு அந்தப் பயம் இல்லை. "நான் அழ ஆரம்பித்ததும் நீங்கள் உடனே ரத்தக் கொதிப்பைப் பற்றிக் கேட்டீர்கள்" என்று நேராகச் சொல்லலாம். மாணவன் தவறு செய்தால் யாருக்கும் வலிக்காது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். சைக்கிள் ஓட்டக் கற்பது போல, விழுந்து எழுந்து பழக ஓர் இடம் கிடைத்தது.

மெல்ல மெல்ல மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். 1970களில் அரிசோனாவில் பவுலா ஸ்டில்மன் என்ற குழந்தை மருத்துவர், குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று வரும் தாயாக நடிக்கப் பெண்களைப் பழக்கினார். 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் என்பவர் பரீட்சை முறையையே மாற்றிக் காட்டினார். வரிசையாகப் பல மேசைகள். ஒவ்வொன்றிலும் சில நிமிட வேலை. மணி அடித்தால் அடுத்த மேசை. ஒரு மேசையில் எக்ஸ்ரே படிக்க வேண்டும், இன்னொன்றில் ஒரு நோயாளியிடம் பேச வேண்டும், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து மார்க் போடுவார். இன்று உலகம் முழுக்க "ஆஸ்கி" என்று சொல்லும் பரீட்சை இதுதான். கடைசியில் மாணவன் பேசுவதை எக்ஸாமினரும் பார்க்க ஆரம்பித்தார்.

இதை வாசிப்பவர்களில் பிள்ளைகளை டாக்டராக அமெரிக்கா அனுப்பியவர்களுக்கு இதன் தொடர்ச்சி தெரிந்திருக்கும். 1998 முதல் வெளிநாட்டில் படித்த டாக்டர்கள் அங்கே பயிற்சியில் சேர, நடிக்கும் நோயாளிகளைப் பார்த்துப் பேசும் ஒரு தேர்வையும் எழுத வேண்டியிருந்தது. அதற்காக விமானம் ஏறி பிலடெல்பியா போனார்கள். 2004 முதல் அமெரிக்க மாணவர்களுக்கும் அப்படி ஒரு தேர்வு வந்தது. 12 நோயாளிகள், ஆளுக்கு 15 நிமிடம். எங்கள் கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கிய ஒரு பையன், "சார், கதவைத் தட்டிட்டு உள்ள போகணும், பேரைச் சொல்லி அறிமுகம் பண்ணிக்கணும், அதுக்கெல்லாம் மார்க் உண்டு" என்று ஆச்சரியமாகச் சொன்னான். கோவிட் வந்த 2020இல் அந்தத் தேர்வை நிறுத்தினார்கள், 2021 ஜனவரியில் அடியோடு கைவிட்டார்கள். செலவு அதிகம் என்ற குறை முன்பிருந்தே உண்டு. ஆனால் கல்லூரிகளில் பாடம் நிற்கவில்லை.

பேச்சைவிடக் கேட்பதுதான் கஷ்டம் என்பதும் இதற்கிடையில் தெரிந்தது. 1984இல் பெக்மன், பிராங்கல் என்ற இருவர் அமெரிக்காவில் டாக்டரும் நோயாளியும் பேசிய 74 சந்திப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். வந்த காரணத்தை நோயாளி சொல்ல ஆரம்பித்தால், சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கே பேசிவிடுகிறார். முழுதாகச் சொல்லி முடித்தவர்கள் 17 பேர்தான். விட்டால் மணிக்கணக்கில் பேசுவார்களே என்று டாக்டர்கள் பயப்படுவார்கள் அல்லவா? குறுக்கிடாமல் விட்டவர்களில் பெரும்பாலானோர் ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். இரண்டரை நிமிடத்தை யாரும் தாண்டவில்லை. நம் ஓ.பி.யில் ஒரு டாக்டர் முன்னால் நூறு பேர் நிற்கும்போது ஒரு நிமிடம்கூடப் பெரிய நேரம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் முதல் வார்த்தையைக் கேட்காமல் போனால், அந்த ஆள் அடுத்த வாரமும் அதே வரிசையில் வந்து நிற்பார்.

கெட்ட செய்தியைச் சொல்வது இதைவிடக் கஷ்டம். இதை நான் அறிந்தது வேலையில் சேர்வதற்கு இரண்டு வருடம் முன்பு, 1981இல். வேறு ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் என் அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்தார்கள். செய்த டாக்டர் கெட்டிக்காரர், இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் வந்து பார்ப்பவர். ஒரு வாரம் கழித்து வராந்தாவில் நடந்துகொண்டே என்னிடம், "ஸ்பிரெட் ஆயிருக்குப்பா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போய்விட்டார். அப்பா என் தோளைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். "ஸ்பிரெட்னா என்னடா?" என்று கேட்டார். ரிப்போர்ட் வேறு ஊருக்கு அனுப்புவதைச் சொல்கிறார் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அடுத்த நாலு மாதமும் வீட்டில் எல்லாருமாகச் சேர்ந்து அந்தச் சமாளிப்பையே தொடர்ந்தோம். அப்பாவுக்குச் சொல்ல ஏதாவது இருந்திருக்கலாம். நிலத்தைப் பற்றி, தங்கையின் கல்யாணத்தைப் பற்றி. கேட்க வழியில்லாமல் போனது.

அந்த டாக்டர் மேல் எனக்குக் கோபம் வெகு நாள் இருந்தது. கல்லூரியில் சில வருடம் வேலை பார்த்த பிறகு குறைந்தது. வயிற்றைத் திறக்க அவருக்குப் பல வருடம் சொல்லிக் கொடுத்தவர்கள், வாயைத் திறந்து இதை எப்படிச் சொல்வது என்று ஒரு மணி நேரம்கூடச் சொல்லித் தரவில்லை. எல்லாரும் வராந்தாவில்தான் சொன்னார்கள், அவரும் சொன்னார்.

2000இல் அமெரிக்காவின் வால்டர் பெய்ல், கனடாவின் ராபர்ட் பக்மன் ஆகிய டாக்டர்களும் அவர்களோடு வேலை செய்தவர்களும் புற்றுநோய்ச் செய்தியைச் சொல்வதற்கு ஆறு படிகள் வகுத்தார்கள். தனி இடத்தில் உட்கார வை. அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேள். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேள். எளிய சொல்லில், கொஞ்சம் கொஞ்சமாகச் சொல். அழுதால் அழட்டும், அந்தத் துக்கத்துக்கு இடம் கொடு. பிறகு அடுத்து என்ன செய்யலாம் என்பதைச் சொல்லி முடி. படிக்கும்போது, இதில் என்ன புதுமை, நம் வீட்டுப் பெரியவர்கள் துக்கச் செய்தியை இப்படித்தானே சொல்வார்கள் என்று தோன்றும். உண்மைதான். ஆனால் 23 வயதுப் பிள்ளைக்கு அது தானாக வராது. சொல்லிக் கொடுத்துப் பழக்க வேண்டும்.

நம் ஊர் வார்டில் இந்த ஆறு படிக்கும் முன்னால் ஒரு படி உண்டு. பாஷை. பாடம் முழுக்க இங்கிலீஷில், நோயாளி பேசுவதோ தமிழில். அதுவும் புத்தகத் தமிழ் இல்லை. நெஞ்சு கரிக்குது, நெஞ்சு அடைக்குது, நெஞ்சு படபடங்குது என்பவை வேறு வேறு. காலில் குடைச்சல் வேறு, இழுப்பு வேறு, எரிச்சல் வேறு. "வாய்வுப் பிடிப்புங்க" என்று நோயாளியே பெயர் வைத்துக்கொண்டு வருவார். அதை அப்படியே எழுதிக்கொண்டால் மாரடைப்பு தப்பிப் போகும். அகில இந்திய ஒதுக்கீட்டில் 15 சதவீதம் இடத்துக்கு வெளிமாநிலப் பிள்ளைகளும் வருவார்கள். ராஜஸ்தான் பக்கத்துப் பையன் ஒருவன் சின்ன நோட்டோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்து, "சார், கால் செத்துப்போச்சு என்றால் என்ன?" என்று கவலையோடு கேட்டான். உணர்ச்சி இல்லாமல் மதமதவென்று இருப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்றேன். இந்தியில் எழுதிக்கொண்டான். அவனுக்குப் பாதித் தமிழைச் சொல்லிக் கொடுத்தது வார்டு ஆயாதான். கல்லூரிக் கணக்கில் அந்த அம்மாவின் பெயர் ஆசிரியர் என்று எங்கும் இல்லை.

இந்த முதல் படியைப் பற்றி 150 வருடத்துக்கு முன்பே யோசித்த ஒருவர் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1822இல் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் அமெரிக்க மிஷன் டாக்டராக யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியம் பார்த்துக்கொண்டே உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு மருத்துவமும் சொல்லிக் கொடுத்தார். முதலில் இங்கிலீஷில்தான் நடத்தினார். இங்கிலீஷில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார்கள், கிராமத்துக்கு டாக்டர் கிடைப்பதில்லை என்று கண்டார். 1860களில் முழுப் பாடத்தையும் தமிழுக்கு மாற்றினார். புத்தகம் வேண்டுமே! தானும் மாணவர்களுமாக உட்கார்ந்து மொழிபெயர்த்தார்கள். அறுவை மருத்துவத்துக்கு இரண வைத்தியம், பெரிய உடற்கூறு நூலுக்கு மனுஷ அங்காதிபாதம், வேதியியலுக்கு கெமிஸ்தம் என்று ஒவ்வொன்றாக வந்தன. 1873இல் அவர் ஊர் திரும்பும்போது 60 பேருக்கு மேல் பயிற்சி பெற்றிருந்தார்கள்.

கிறீன் பேச்சுக்கலை என்று தனியாகப் பாடம் நடத்தியதாக நான் சொல்ல வரவில்லை. ஆனால் பாடம் படித்த பாஷையும் நோயாளியின் பாஷையும் ஒன்றாக இருந்ததால், அந்த மாணவர்களுக்கு நடுவில் ஒரு சுவர் குறைந்தது. நம் மாணவர்களோ மனதுக்குள் இங்கிலீஷுக்கு மாற்றி, திரும்பத் தமிழுக்கு மாற்றிப் பேச வேண்டியிருக்கிறது. மாற்றும்போது சிந்துவதில் பாதி நோயாளியின் பயமும் துக்கமும்தான்.

நம் நாட்டிலும் காலம் கடந்தாவது விடிந்திருக்கிறது. 2019இல் எம்.பி.பி.எஸ். படிப்புக்குப் புதிய பாடத்திட்டம் வந்தது. மனப்பான்மை, மருத்துவ அறம், நோயாளியோடு பேசுவது மூன்றையும் சேர்த்து 27 பகுதிகளாக, முதல் வருடத்திலிருந்தே படிக்க வைத்திருக்கிறார்கள். "ஏட்காம்" என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். சேர்ந்ததும் நடக்கும் அறிமுக வகுப்பில் உள்ளூர் மொழி பழகுவதும் உண்டு. ராஜஸ்தான் பையனின் நோட்டுக்கு இப்போது அரசாங்க அங்கீகாரம் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பழைய மாணவர்கள், இன்று பேராசிரியர்கள், சிலரிடம் கேட்டால், நல்ல பாடம்தான், ஆனால் பிள்ளைகள் இதையும் மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார்கள் என்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆசிரியருக்கு நேரம் வேண்டும். சீகல் அன்று கொடுத்தது அந்த நேரத்தைத்தான். பாடத்திட்டத்தை அச்சடிப்பது சுலபம், உட்காருவதுதான் கடினம்.

நம்மைப் போன்ற வயதானவர்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் மாணவர்கள் வந்து சூழ்ந்துகொண்டு, எல்லாக் கேள்வியையும் திரும்பக் கேட்பார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். "இப்பத்தானே அந்தம்மா எழுதிட்டுப் போச்சு" என்று விரட்டத் தோன்றும். விரட்டாதீர்கள். பத்து நிமிடம் கொடுங்கள். நம் உடம்பு அவர்களுக்குப் பாடம் என்றால், நம் வாயும் பாடம்தான். முடிந்ததும் மனதில் பட்டதைச் சொல்லுங்கள். "நல்லாக் கேட்டப்பா" என்றோ, "கொஞ்சம் முகத்தைப் பார்த்துப் பேசும்மா" என்றோ. எங்கள் பரீட்சைக்கு வந்த பெரியவர் கையில் யாரும் மார்க் தாளைக் கொடுக்கவில்லை. நமக்கும் கொடுக்க மாட்டார்கள். அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.